வெட்டாமல் பார்த்த நஞ்சுக்கொடி

அக்காவுக்குப் பிள்ளைகள் பிறந்த காலையில் நான் இருட்டறைக்குள் நின்று யாரோ ஒருவருடைய முறிந்த கையின் படத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "மிஸ், உங்க அக்காவுக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க!" என்று ஒரு நர்ஸ் கத்திவிட்டுப் போனார். படத்தை அரைகுறையாகப் போட்டுவிட்டு ஓட முடியாது. கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் கெட்டுவிடும். அந்தக் கை எலும்பு எலும்பாகத் தெளிந்து வரும்வரை இருட்டிலேயே நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாங்கள் ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பிள்ளைகள். அம்மா இறந்ததும் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். நான் தொடர்ந்து படித்தேன். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய், திரும்பி எங்கள் ஊர்ப் பக்கமே வேலைக்கு வந்தேன். அக்காவின் கணவர் அதே தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கலியாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, ஒரேயடியாக இரண்டு என்று தெரிந்தபோது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் வந்து அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

வார்டுக்கு ஓடினேன். அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்துத் தொட்டிலில் ஒன்று மட்டும் இருந்தது. நல்ல பருமன். நிறம்தான் ஒரு மாதிரி, பீட்ரூட் அரைத்துப் பூசியதுபோல் சிவப்பு.

"மத்தது எங்கக்கா?"

"உள்ளார கொண்டு போய்ட்டாங்க." அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அது எலிக்குஞ்சு மாதிரி இருக்குடி. வெள்ளையா, ரத்தமே இல்லாம."

பிள்ளைகள் பகுதியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான். சூட்டு விளக்குக்குக் கீழே படுத்திருந்த அந்தச் சின்னது சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. ஆனால் கால் இரண்டையும் விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. அந்த உதையைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ரத்தம் ஏற்றப் போகிறோம், பயப்பட வேண்டாம் என்று பிள்ளைகள் டொக்டரும் சொன்னார்.

மீதிப் பயத்தை எடுத்துக்கொண்டு நான் போனது நோயியல் பகுதிக்கு. அங்கே அந்த வருஷம்தான் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆஸ்பத்திரியில் வெட்டியெடுக்கும் கட்டி, குடல், கருப்பை எல்லாம் அவரிடம் வரும். அவர் அதை நறுக்கி, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி நுண்நோக்கியில் பார்த்துச் சொல்லுவார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் பிடிக்காது. அந்த ஒற்றுமையில்தான் சிநேகமானோம். மத்தியானத்தில் என் சோற்றுப் பார்சலை அவரும், அவருடைய இடியப்பத்தை நானும் சாப்பிடுவோம். என் பேச்சு அவருக்குச் சினிமா மாதிரி இருக்குமாம். அவருடைய பேச்சு எனக்கு ரேடியோ மாதிரி இருக்கும்.

நான் வாசலில் நின்றதும் அவரே கூப்பிட்டார்.

"வாங்கோ தங்கச்சி. உங்கடை அக்கான்ரை இளங்கொடி இஞ்சைதான் வந்திருக்கு. பாருங்கோ, ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரே கொடி."

நாங்கள் நஞ்சுக்கொடி என்பதை அவர்கள் இளங்கொடி என்பார்கள். பெரிய எவர்சில்வர் தட்டில் ஈரல் நிறத்தில் ஒரு தோசை அளவுக்கு அது கிடந்தது. மேலே இரண்டு தொப்புள்கொடிகள், ஒன்று தடித்தது, மற்றது நூல் மாதிரி.

"ஒண்ணா இருந்தா என்னாங்க டொக்டர்?"

"சில நேரம் உள்ளுக்கை ரத்தக் குழாயள் ஒண்டோட ஒண்டு பொருந்திப் போகும். ஒரு பிள்ளையின்ரை ரத்தம் மற்றப் பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதாலைதான் ஒண்டு சிவப்பு, ஒண்டு வெள்ளை எண்டு நான் நினைக்கிறன். வெட்டிப் பாத்தாத் தெரியும்."

அவர் கத்தியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் அக்காவின் கணவர், என் மச்சான், வந்து நின்றார். வேலைக்குப் போகிற உடுப்பு இல்லை. துவைத்த வேட்டியும் சட்டையும். கையில் புது மண்பானை.

"நஞ்சுக்கொடிய வாங்கிட்டுப் போக வந்தேங்க" என்றார்.

"தாறன். கொஞ்சம் வெட்டிப் பாத்திட்டுத் தாறன்."

மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க குடும்பத்துல நஞ்சுக்கொடிய வெட்டுப்படாம முழுசாத்தான் பொதைப்பாங்க. வெட்டுனா புள்ளைக்கி ஆகாதும்பாங்க. இதுல ஒரு புள்ள அப்படிக் கெடக்குது..." பானையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

டொக்டர் கத்தியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சரி. வெட்டேல்லை. ஆனா உடனை தரேலாது. ரெண்டொரு நாள் பொறுப்பீங்களோ? பத்திரமாக் குளிர்ப்பெட்டியிலை வைப்பன்."

மச்சான் அவர் சொன்னதைவிட அவர் கத்தியைக் கீழே வைத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பானையை அங்கேயே மேசைக்கு அடியில் வைத்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

அவர் போனதும் டொக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "சொல்லிப்போட்டன். இனி வெட்டாம எப்பிடி உள்ளுக்கை பாக்கிறது?"

"டொக்டர், நாங்க காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் அந்த வேலையத்தானே செய்றோம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தது, பிறகு தலையை ஆட்டினார். "இது எலும்பில்லை, தங்கச்சி. வெறும் சதை. உங்கடை படத்திலை புகை மாதிரித்தான் விழும்."

அது உண்மை. எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும். சதைக்கும் ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வயிற்றுப் படம் எடுக்கும்போது ஒரு வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். பேரியம் என்று பெயர். அது போகிற இடமெல்லாம் படத்தில் பளிச்சென்று விழும். அதைச் சொன்னேன். டொக்டர் எழுந்தே நின்றுவிட்டார். நஞ்சுக்கொடியின் குழாய்களுக்குள் பேரியத்தை ஜெலட்டினோடு கலந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள் என்று எங்கோ படித்தது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சூடாக ஏற்றினால் தண்ணீர் மாதிரி ஓடும். ஆறினால் உள்ளேயே உறைந்து நிற்கும். வெட்டவே தேவையில்லை.

பேரியம் என்னிடம் இருந்தது. ஜெலட்டினுக்குப் பதுளைக் கடைத்தெரு முழுவதும் அலைந்தேன். ஒரு கடையிலும் வெறும் ஜெலட்டின் இல்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், "ஜெலி பக்கெட் இருக்கு, வேணுமா? ஸ்ட்ரோபெரி மட்டுந்தான் இருக்கு" என்றார். நான் இருந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டேன். "யாருக்கு மிஸ், பேர்த்டேயா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அது பொய்யும் இல்லை.

அக்காவுடையதில் நேரே கை வைக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் வேறொரு தாயிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு நஞ்சுக்கொடியைப் பழகுவதற்குத் தந்தார். அன்று பின்னேரம் நோயியல் பகுதி முழுவதும் ஸ்ட்ரோபெரி வாசம். டொக்டர் ஊசிக்குழாயை அழுத்தினார். மார்கழிக் குளிர், வெளியே மழை வேறு. ஜெலி குழாய் நுனியிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எதுவும் நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்தினார். எங்கேயோ ஒரு குழாய் வெடித்து, இளஞ்சிவப்புக் குழம்பு அவருடைய கண்ணாடி, நெற்றி, வெளிர்நீலச் சேலை எல்லாவற்றிலும் தெறித்தது.

அவர் உதட்டோரத்தில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "வாசம் மட்டும் திறம்" என்றார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் வெந்நீருக்குள் வைத்தோம். நஞ்சுக்கொடி இருந்த தட்டு, ஊசிக்குழாய், ஜெலிக் கிண்ணம், எல்லாமே. கேத்தலில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை டொக்டர் அழுத்தவில்லை. விரலை வைத்துக் காத்திருந்தார். இளஞ்சிவப்பு மெல்ல மெல்லக் கிளைகளுக்குள் ஓடியதைத் தோலுக்கு மேலேயே பார்க்க முடிந்தது.

அன்று வீட்டுக்குப் போகுமுன் அக்காவைப் பார்க்கப் போனேன். பெரியது தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பசிக்குது போலக்கா. எடுத்துக் குடேன்."

"நீயே தூக்கி வச்சிக்க. எனக்கு அதப் பாக்கவே பிடிக்கல. தங்கச்சியோட சோத்தையும் சேத்துத் தின்னுட்டு வந்திருக்கு பாரு, எப்படிச் செவந்து கெடக்குன்னு."

அக்கா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளையைத் தூக்கி அவள் பக்கத்தில் படுக்க வைத்தேன். பால் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாந்தான்டி காரணம். ஏழு மாசம் வரைக்கும் கூடையப் போட்டுக்கிட்டு மலை ஏறுனேன். கூடை ஒரு பக்கமா இடிச்சி இடிச்சி சின்னத நசுக்கிருச்சி. யார்கிட்டயும் சொல்லாத."

வேலை வாங்கும் கங்காணி லேசான வேலை தருகிறேன் என்று சொல்லியும் அவள்தான் கேட்காமல் போனாளாம். இல்லை என்று சொல்லலாம். அவள் நம்ப மாட்டாள். அவளுடைய தலையைக் கோதிவிட்டு வந்தேன். வந்த வழியெல்லாம் அந்த நஞ்சுக்கொடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அது எனக்கு ஒரு அதிசயமாக மட்டும் இருந்தது. இப்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் டொக்டரிடம் அக்கா சொன்னதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தாள். டொக்டர் அதில் சேர்த்தியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

சின்னவளுடைய தொப்புள்கொடி வழியாக ரத்தம் போகும் குழாயிலும், பெரியவளுடைய கொடி வழியாக ரத்தம் வரும் குழாயிலும் ஜெலியை ஏற்றினோம். ஒன்றும் வெடிக்கவில்லை. உறைய விட்டு, எவர்சில்வர் தட்டு படத்தை மறைக்கும் என்று பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றி, என் அறைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தேன். இருட்டறையில் அந்தப் படம் மெல்ல எழுந்து வந்ததை இன்னும் மறக்கவில்லை. நான் அதுவரை எடுத்த படங்களில் அவ்வளவு அழகானது இல்லை. வெள்ளைக் கோடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளைவிட்டு, மெலிந்து, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன.

டொக்டர் வெளிச்சப் பெட்டியில் அதை மாட்டி நெடுநேரம் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்து கிடக்கு. இந்த இடத்திலை ரெண்டும் முட்டுதோ, இல்லாட்டி ஒண்டு மேலையும் ஒண்டு கீழையும் சும்மா தாண்டிப் போகுதோ? தட்டைப் படத்திலை எப்பிடிச் சொல்லுறது?"

அப்போதுதான் எனக்குப் பயிற்சிக் காலத்தில் பழைய சாமான் அறையில் கிடந்த ஒரு கருவி நினைவுக்கு வந்தது. இரண்டு கண்ணாடிகள் வைத்த ஒரு சட்டம். அந்தக் காலத்தில் உடம்புக்குள் போன ஊசி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க, ஒரே இடத்தை இரண்டு படம் எடுப்பார்களாம். இடக் கண் பார்ப்பதுபோல் ஒன்று, வலக் கண் பார்ப்பதுபோல் ஒன்று. இரண்டையும் கண்ணுக்கு ஒன்றாகப் பார்த்தால் மூளை அதைச் சேர்த்து, மேடு பள்ளத்தோடு காட்டும்.

"இன்னும் ரெண்டு படம் எடுக்கணுங்க டொக்டர். தட்டு மட்டும் அசையக் கூடாது."

தட்டை இரண்டு பலகைத் துண்டுகள் மேல் வைத்து, அடியில் படப் பெட்டியைச் செருக வழி செய்தேன். எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒன்று. பெட்டியை மாற்றி, குழாயை வலப்பக்கம் தள்ளி இன்னொன்று. தள்ளிய தூரம் நம் இரண்டு கண்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான். படங்கள் காய்வதற்குள் டொக்டர் குடையோடு கடைத்தெருவுக்கு ஓடி முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு சினிமா நடிகை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். சத்திர சிகிச்சை வார்டில் இருந்து இன்னொரு வெளிச்சப் பெட்டியை இரவல் வாங்கினேன். இரண்டு பெட்டிகளையும் எதிரெதிரே நிறுத்தி, நடுவில் கண்ணாடிகளைக் கூரை மாதிரிச் சாய்த்து ஒட்டி, மூக்கை அந்த முனையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டொக்டர் பார்த்தார். "ஒண்டும் இல்லை. ரெண்டு ரெண்டாத் தெரியுது." நான் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடியை நகர்த்தினோம், பெட்டியை நகர்த்தினோம். மறுபடி அவர் குனிந்தார்.

"ஐயோ!" என்று கத்தினார். "ஆழமாத் தெரியுது! ஆனா... இது எல்லாம் உள்ளுக்கை குழிஞ்சு போய்க் கிடக்கே. கொடி மேலையல்லோ இருக்கோணும்?"

இடப் படத்தை வலப்பக்கமும் வலப் படத்தை இடப்பக்கமும் நான் மாட்டியிருந்தேன். கண்ணாடி ஒரு தடவை திருப்பிவிடும் என்பதை மறந்துபோய்விட்டேன். இடம் மாற்றி மாட்டினேன். இந்தத் தடவை நான்தான் முதலில் குனிந்தேன்.

படம் எழுந்து நின்றது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டையான கறுப்பு பிலிம் காணாமல் போய், வெறும் காற்றில் வெள்ளைக் கொப்புகள் என் மூக்குக்கு நேரே நின்றன. சில எனக்குக் கிட்ட, சில எட்டாத ஆழத்தில். அவற்றுக்கு இடையில் விரலை விடலாம்போல் இருந்தது. ஒன்றை ஒன்று முட்டுவதாகத் தெரிந்தவை எல்லாம் முட்டவே இல்லை. பாலத்துக்குக் கீழே ஆறு போவதுபோல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் நிமிராமல் இருந்ததைப் பார்த்து டொக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன தெரியுது? சொல்லுங்கோவன்!"

"நீங்களே பாருங்க டொக்டர்."

அவர் பார்த்தார். நோயியல்காரரின் கண் அது; எனக்கு அழகாக மட்டும் இருந்ததில் அவர் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டார். இடப்பக்கத்தில், ஓரத்துக்குக் கிட்ட, ஒரே ஓர் இடத்தில், சின்னவளுடைய குழாய் ஒன்று செங்குத்தாக உள்ளே இறங்கியது. இறங்கிய அதே குழிக்குள்ளிருந்து பெரியவளுடைய குழாய் ஒன்று மேலே ஏறியது. அங்கே மட்டும் தாண்டிப் போகவில்லை, பொருந்தியிருந்தன.

டொக்டர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கண்ணாடியை உற்றுப் பார்த்ததால் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன அறைக்குள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் குதித்தோம். வாசலில் கை முறிந்து காத்திருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் டொக்டர்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். மச்சானும் பின்னால் வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கை எங்கே வைப்பது என்று காட்டினேன்.

"தெரியுதாக்கா?"

"ஆமா, ஆமா. நல்லாத் தெரியுது."

சாப்பிடாமலே "சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது அவளுக்கு ஒரு குரல் வரும். அதே குரல்.

"பொய் சொல்லாதக்கா. அவசரமில்ல. சும்மா பாத்துக்கிட்டே இரு."

மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். திடீரென்று அக்கா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மறுபடி குனிந்தாள். வலக் கை தானாக உயர்ந்து, கண்ணாடிக்கு முன்னால் காற்றைத் தடவியது.

"ஏய்... எந்திரிச்சி நிக்குதுடி! தேயிலச் செடிய வேரோட புடுங்குனா இப்படித்தான் இருக்கும்!"

டொக்டர் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "இடப்பக்கம், ஓரமா, ஒரு குழி மாதிரித் தெரியுதோ? அதுக்கை ஒண்டு இறங்குது. பிறகு அதுக்கை இருந்தே ஒண்டு ஏறுது."

"என்னாடி சொல்றாங்க?"

தமிழைத் தமிழாக்கிச் சொன்னேன்.

"ஆமா, இருக்கு. எறங்குறது யாரோடது?"

"சின்னவவின்ரை."

"ஏறுறது?"

"பெரியவவின்ரை. சின்னவவின்ரை ரத்தம் கொஞ்சங் கொஞ்சமா அந்த வழியாலை பெரியவவுக்குப் போயிருக்கு. மூண்டு நாலு மாசத்திலையே இந்தப் பொருத்து வந்திருக்கும்."

அக்கா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "அப்ப... கூடை?"

"கூடைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா. நீங்கள் கட்டிலிலையே படுத்திருந்திருந்தாலும் இப்பிடித்தான் வந்திருக்கும்."

மச்சான் என்னைப் பார்த்தார். கூடைக் கதை அவருக்குத் தெரியாது. அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்ப பெரியவதான் புடுங்கித் தின்னாளா?"

"அப்பிடியும் இல்லை. அவ கேக்கேல்லை; அது தானா வந்து நிறைஞ்சது. கூடின ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அவவின்ரை இதயமும் களைச்சுப் போச்சு. ரெண்டு பேருக்குமே பாடுதான். ஒருத்தியும் குற்றமில்லை."

இதை நான் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா நிமிர்ந்தாள். மூக்கில் கண்ணாடியின் ஓரம் பதிந்து ஒரு கோடு விழுந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தவள், திடீரென்று சிரித்தாள்.

"பாத்தியா, தங்கச்சிக்காரி உள்ள இருக்கையிலயே அக்காக்காரிக்கு ஊட்டி விட்டிருக்கா! நம்ம வீட்ல நான் ஒனக்கு ஊட்டுனேன். இதுங்க தலைகீழா இருக்குதுங்க."

டொக்டருக்குப் புரியவில்லை. அம்மா போன பிறகு அக்காதான் என்னை ஊட்டி வளர்த்தாள் என்று விளக்கிச் சொன்னேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "வாடி, பெரியவ அழுதுக்கிட்டு இருப்பா" என்று, வந்ததைவிட வேகமாக வார்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது பெரியவளை மடியில் போட்டு, அந்தச் சிவந்த காலை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஏன்டி என் ராசாத்தி, களைச்சிப் போனியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சானிடம் டொக்டர் பானையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "வெட்டலியேம்மா?" என்று கேட்டார் மச்சான். "ஒரு கீறல்கூட இல்லை" என்றார் டொக்டர். மச்சான் மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"ஏம்மா, இது என்னா, கேக்கு மாதிரி மணக்குது?"

அந்தப் பானையை வாழையிலையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்பிரிங்வெளிக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவர், பிள்ளை பிறந்ததற்குப் பலகாரமா என்று கேட்டாராம். லயத்துக்குப் பின்னால் முறைப்படி புதைத்தார். அதற்குப் பிறகு பல நாள் மலையிலுள்ள எறும்பெல்லாம் அந்த இடத்துக்கு வரிசையாகப் போய் வந்ததாம். புள்ளைகளுக்கு நல்ல காலம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஜெலியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னவள் அக்காவின் கட்டிலுக்கு வந்த நாளில் டொக்டரும் வந்திருந்தார். ரத்தம் ஏற்றி, சூட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்து ஆளாக்கியிருந்தார்கள். ஒரே துணியில் இரண்டையும் சேர்த்துப் படுக்க வைத்தோம். பெரியவளின் சிவப்பும் அதற்குள் தெளிந்திருந்தது. சின்னவள் கையை நீட்டினாள். அது பெரியவளின் வாய்க்குள் போனது. பெரியவள் அதைச் சப்பத் தொடங்கினாள். "பாருங்கோ, இன்னும் விடேல்லை!" என்று டொக்டர் சொன்னதும் வார்டே சிரித்தது.

அதன் பிறகு அந்தக் கண்ணாடிச் சட்டத்தை நாங்கள் சும்மா விடவில்லை. அறுவை செய்து எடுத்த மார்புக் கட்டி ஒன்றை ஒருநாள் டொக்டர் கொண்டுவந்தார். கட்டி எங்கும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு படம் எடுத்துப் பார்த்தபோது, உப்புக் கல் மாதிரிச் சில புள்ளிகள் ஒரு மூலையில் ஆழத்தில் கூட்டமாகத் தொங்கின. அந்த இடத்தில் வெட்டிப் பார்த்து நோயை ஆரம்பத்திலேயே பிடித்தார் டொக்டர். அந்தப் பெண் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. குணமாகி, ஒரு கூடை பேரிக்காயோடு டொக்டரைப் பார்க்க வந்தார். எனக்கும் பாதி கிடைத்தது.

சில வருஷங்களில் டொக்டர் மேல்படிப்புக்கு இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். எனக்குக் கலியாணமாகிப் பூனாகலைப் பக்கம் குடிவந்தேன். அக்காவின் பிள்ளைகள் விடுமுறைக்கு என்னிடம் வருவார்கள். சின்னவள் இன்றைக்கும் பெரியவளைவிட ஒரு விரல்கடை குள்ளம். ஆனால் வாய் அவளுக்குத்தான் நீளம். பெரியவள் கணக்கில் கெட்டி, பேச்சில் கஞ்சம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்தாண்டு முடியப்போகிற சமயம், டொக்டர் கணினியில் பார்க்க ஒரு படம் அனுப்பியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். வீட்டில் கணினி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளையில் தொலைபேசியும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். படம் ஒரு துளி ஒரு துளியாக இறங்கியது. கடைசியில் கறுப்புத் திரையில் பொன்னிறத்தில் ஏதோ ஒன்று மிதந்தது. நகம் அளவு நஞ்சுக்கொடித் துண்டு என்று டொக்டர் எழுதியிருந்தார். காயத்துக்குப் பூசும் அயடீன் மாதிரி ஒன்றில் ஊறவைத்தால் போதுமாம். சதையே எக்ஸ்ரேக்குத் தெரியுமாம். அதைச் சுழற்றிச் சுழற்றிப் படம் எடுத்துக் கணினியே சேர்த்துவிடுமாம். 'இங்கே ஊசியும் இல்லை, ஜெலியும் இல்லை. சேலையும் பழுதாவதில்லை' என்று முடித்திருந்தார்.

சின்னவள் கணினி எலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை அசைக்க அசைக்க அந்தத் துண்டு திரும்பியது, புரண்டது. பெரியவள் எதையோ அழுத்தினாள். அது நடுவில் திறந்து, உள்ளே இருந்த நுண்ணிய குழாய்களையெல்லாம் காட்டியது. தலைமுடியைவிட மெல்லிய கிளைகள். வெட்டாமலே வெட்டிக் காட்டியது. என் வேலை இவ்வளவு தூரம் போய்விட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"சித்தி, இது நாங்களா?" என்றாள் பெரியவள்.

"இல்ல, இது வேற யாரோ."

"நாங்களா இருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும்" என்றாள் சின்னவள்.

"தள்ளு, நான் திருப்புறேன்."

"நீ அப்பவே திருப்பிட்ட!"

இரண்டு பேரும் ஒரே எலிக்குச் சண்டை பிடித்ததில் நஞ்சுக்கொடி திரையில் பம்பரமாகச் சுற்றியது. கடைக்காரப் பையன்களும் பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். "என்னா அக்கா இது, பவளப் பாறையா?" என்று ஒருவர் கேட்டார். சின்னவள் எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினாள், தனக்கு எல்லாம் தெரிந்தது மாதிரி. அரைவாசியில் கரண்ட் போய்விட்டது. கடை முழுவதும் "ஆ!" என்று ஒரே குரலாகக் கத்தியது.

வெளியே வந்தோம். பூனாகலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு நேரம் கிடந்தது. எதிரே பேக்கரியில் சுடச்சுட ரோல்ஸ் போட்டார்கள். ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தேன். பெரியவள் அவசரமாகக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு தெருவில் நின்று குதித்தாள். சின்னவள் சிரித்த சிரிப்பில் அவளுடைய ரோல்ஸ் கை நழுவிப் போனது.